தவளை வண்டி

வண்டி நல்ல வண்டிதான். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. செத்துப்போனவனே எழுந்து வந்தாலும் வண்டியைக் குறை சொல்லியிருக்க மாட்டான். அவ்வளவு ஆசையாக எல்லோருமாகப் போய் வாங்கியது.

திருப்பருத்திக்குன்றத்துச் சக்கரவர்த்தி நைனாருக்கு ஊரையொட்டிக் கொஞ்சம் நஞ்சை, மாகறலைத் தாண்டி ஒரு கரட்டுமேட்டில் மாவும் எலுமிச்சையுமாக ஒரு தோப்பு. நஞ்சையை யார் கேட்டாலும் குத்தகைக்கு விட்டுவிடுவார். தோப்பை மட்டும் விட மாட்டார். கரடு என்றால் பெரிய மலை ஒன்றும் இல்லை. ஆனால் ட்ராக்டர் ஏறாது, மாட்டுவண்டி பாதியிலேயே நின்றுவிடும். எருவோ புண்ணாக்கோ, மூட்டையைத் தலையில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். ஏற்றியவன் சிட்டிபாபு. இருபது வருஷமாக அவன்தான் ஏற்றினான். போன கோடையில் அவன் கழுத்து பிடித்துக்கொண்டு தலையைத் திருப்ப முடியாமல் கிடந்தான். அதே கோடையில் நைனாரின் வலது முட்டியும் கைவிட்டது.

முட்டி கைவிட்டாலும் மனுஷன் ஏறுவதை விடவில்லை. ஏறினால் இறங்க நேரமாகிறது, நேரமானால் பொழுது சாய்ந்துவிடுகிறது, பொழுது சாய்ந்தபின் நைனார் வாயில் ஒரு பருக்கை படாது. சமணக் குடும்பத்தில் அது சின்ன வயதிலிருந்தே வருகிற பழக்கம். மனைவி மனோன்மணி கட்டிக்கொடுத்த சாப்பாடு அடிவாரத்து மோட்டார் கொட்டகையில் காத்துக் கிடந்துவிட்டு, தொடப்படாமல் வீட்டுக்குத் திரும்பி வரும். அந்த அம்மாள் முதலில் சத்தம் போட்டாள், பிறகு அழுதாள், கடைசியில் சென்னையில் இருக்கும் மகன் ஸ்ரேயாஸுக்கு போன் போட்டாள். "ஒண்ணு தோப்ப வித்துடச் சொல்லு. இல்லன்னா மேல ஏறுற மாதிரி எதுனா வண்டி பாரு. தெனமும் பட்டினியா படுக்கறவர நான் எத்தினி நாளு பாத்துக்கினு இருக்கறது?"

ஸ்ரேயாஸ் வண்டி பார்த்தான். சும்மா பார்க்கவில்லை, அல்லும் பகலும் போனில் அதே வேலையாகப் பார்த்தான். நாலு சக்கரம், பைக் மாதிரி கைப்பிடி, இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்காருகிற சீட்டு. வெளிநாட்டில் ஆடு மேய்க்கிறவர்கள் எல்லாம் அதில்தான் மலை ஏறுகிறார்களாம். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ அரை மணி நேரம்தான் உக்காந்திருந்தீங்க" என்று அவன் மனைவி நித்யா கிண்டல் செய்தாள். "ஏமாந்துடக் கூடாது நித்யா, அப்பா ஓட்டப்போற வண்டி" என்றான் அவன். பையன் பாசக்காரன். அதில் சந்தேகமே இல்லை.

பெங்களூர் ரோட்டில் ஒரு கடை. நைனார், ஸ்ரேயாஸ், தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு சிட்டிபாபு, மூன்று பேரும் போனார்கள். கடையில் வண்டி காட்டிய பையன் பேர் குரு. முதலில் சிவப்பாக ஒன்றைக் காட்டினான். அது கடற்கரையில் பணக்காரப் பிள்ளைகள் கூத்தடிக்கிற வண்டி என்று பார்த்ததுமே தெரிந்தது. அடுத்தது கரும்பச்சை நிறம், தாழ்வான உடம்பு, நல்ல கனம், முன்னும் பின்னும் மூட்டை வைக்கக் கம்பி கேரியர். மூன்றாவது அதைவிட நீளம். ஓட்டுகிறவனுக்குப் பின்னால் இன்னொருவர் சாய்ந்து உட்கார முதுகுச் சாய்ப்போடு சீட்டு, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி.

நைனாருக்கு மூன்றாவதுதான் பிடித்தது. "இதுல சிட்டி வசதியா குந்துவான்" என்றார்.

"அப்பா, இதுக்கு ஒரு பெல்ட் அறுந்தாக்கூட வெளிநாட்டுலேர்ந்து வரணும். மாசக்கணக்கா கொட்டகையில நிக்கும். அந்தப் பச்சை வண்டிக்கு சாமான் இங்கயே கெடைக்குது. இறக்கத்துல என்ஜினே வண்டிய புடிச்சி நிறுத்துது. தண்ணியில நின்னாலும் ஸ்டார்ட் ஆவுது. நம்பி ஓட்டலாம்பா."

"அதுல சிட்டி எங்க குந்துவான்?"

குரு குறுக்கே வந்தான். "அது ஒருத்தர் ஓட்டற வண்டி சார். பின்னாடி கேரியர்ல மூட்டை கட்டுங்க, ஆளை மட்டும் ஏத்தாதீங்க. எடை பின்னாடி போயி முன்சக்கரம் லேசாயிடும்."

சிட்டிபாபு சிரித்தான். "நான் நடந்தே வரேன் நைனாரே. தலையில மூட்டை இல்லாம நடக்கறதுன்னா எனக்குக் கல்யாணத்துக்குப் போற மாதிரி. வண்டி வீணா நின்னா மறுபடியும் என் கழுத்துதான ஒடியும்? பச்சையவே வாங்குங்க."

அவன் சொன்னதும் ஞாயம்தான். பச்சையே முடிவானது.

கடைக்குப் பின்னால் மண்ணைக் குவித்து மேடு கட்டியிருந்தார்கள். அங்கே நைனாரை உட்கார வைத்து ஓட்டச் சொல்லிக்கொடுத்தான் குரு. "சரிவுல குறுக்கால போறப்ப ஹேண்டில வெட்டித் திருப்பவே கூடாது சார். கல்லு வந்தாலும் சரி, பாம்பு வந்தாலும் சரி, நேரா மேல ஏத்திட்டுப் போயிடுங்க. வெட்டுனீங்க, வண்டி உருண்டுடும்." ஸ்ரேயாஸ் இதை இரண்டாம் தடவையும் சொல்லச் சொன்னான். நைனார் தலையை ஆட்டினார்.

பிள்ளை அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். படித்த பிள்ளை, வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நடக்கும்போது எறும்புச் சாரியைத் தாண்டிக் கால் வைக்கிற மனுஷனிடம், பாம்பு வந்தால் ஏற்றிவிட்டுப் போ என்றால் போவாரா? ஏர் உழுகிறீர்களே, மண்புழு சாகவில்லையா என்று அவரை மடக்கப் பார்த்தவர்கள் உண்டு. "தொழில்ல தெரியாம போறது வேற. கண்ணுல பட்டத தெரிஞ்சே கொல்றது வேற" என்பார். அவ்வளவுதான் அவர் கணக்கு. கண்ணில் பட்டதைக் கொல்லக் கூடாது. பதினாலு வயதில் எடுத்த விரதம் அது. இந்த வயதில் ஒரு கடைப் பையன் சொல்லி மாறிவிடுமா என்ன?

வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாதாம், நிலத்தில் மட்டும்தான். அதனால் லாரியில் கொண்டுவந்து மோட்டார் கொட்டகையில் இறக்கினார்கள். மாகறல் ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, குந்தின தவளை மாதிரி இருக்குது என்று சிரித்தார்கள். தவளை வண்டி என்றே பேர் நின்றுவிட்டது. ஆனால் தவளை உழைத்தது. இரண்டு மூட்டையை ஒரே மூச்சில் மேலே கொண்டுபோய்ச் சேர்த்தது. மழைக்காலத்துச் சேற்றில் ஒரு நாள்கூட மக்கர் பண்ணவில்லை. நைனார் வெளிச்சம் இருக்கும்போதே இறங்கி வந்து, கை கழுவி, நிதானமாகச் சாப்பிட்டார். மனோன்மணி திரும்பி வந்த காலிப் பாத்திரத்தைக் கழுவும்போது மகனை மனதார வாழ்த்தினாள். சிட்டிபாபுவின் கழுத்தும் நேரானது.

முதல் கொஞ்ச நாள் அவன் நடந்துதான் வந்தான். பிறகு ஒரு நாள் நல்ல மழை. வண்டியில் உட்கார்ந்தபடி நைனார் திரும்பிப் பார்த்தார். நனைந்துகொண்டு, வழுக்கிக்கொண்டு அவன் பின்னால் வருவது அவருக்கே அசிங்கமாக இருந்தது. "ஏறுடா கேரியர்ல. நீ நடந்து வர, நான் ராஜா மாதிரி போறதா?" என்றார். "வேணாம் நைனாரே, கடைக்காரப் பையன் சொன்னானே" என்றான். "மெதுவா போலாம், ஏறு." ஏறினான். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு கேரியர் அவன் இடம் ஆகிவிட்டது. வீட்டில் மனைவி வடிவிடம் பெருமையாகச் சொன்னானாம்: "நைனாரு என்ன வண்டில வச்சி இட்டுக்கினு போறாரு."

தை மாதம். எலுமிச்சைக்குப் பாத்தி கட்டி முடிக்க நேரமாகிவிட்டது. "பொழுது எறங்கிக்கினே இருக்குது நைனாரே, அப்புறம் அம்மா திட்டுவாங்க" என்று சிட்டிபாபுதான் அவசரப்படுத்தினான். மண்வெட்டியைக் கட்டிவிட்டுக் கேரியரில் ஏறி, நைனாரின் சீட்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பாதி இறக்கத்தில், பாதை சரிவுக்குக் குறுக்காகத் திரும்புகிற இடத்தில், புல்லுக்குள்ளிருந்து ஒரு கவுதாரி வெளியே ஓடி வந்தது. அதன் பின்னால் குஞ்சுகள், பொட்டு பொட்டாக.

நைனார் ஹேண்டிலை வெட்டினார்.

முன்சக்கரம் மேட்டுப்பக்கம் ஏறித் தூக்கியது. அவர் மேட்டுப்பக்கமாகப் புதரில் விழுந்தார். வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்ந்து, சிட்டிபாபுவோடு சேர்ந்து உருண்டது. நின்ற இடத்தில் வண்டி அவன் மார்பின் மேல் இருந்தது, என்ஜின் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. நைனார் தவழ்ந்து போய்த் தள்ளிப் பார்த்தார். நம்பி வாங்கிய கனம், அசையவில்லை. கத்தினார். கீழே கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து தூக்கும்போது சிட்டிபாபு போய்விட்டிருந்தான்.

நைனாருக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. வேறு ஒன்றும் இல்லை.

அன்று இரவே ஸ்ரேயாஸ் வந்துவிட்டான். போலீஸிடம், சிட்டிபாபுவின் வீட்டில், மாகறலில், எல்லா இடத்திலும் அவனே பேசினான். பிறகு அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தாழ்ந்த குரலில் சொன்னான். "பிரேக் புடிக்கலன்னு சொல்லியிருக்கேன்பா. நீங்க ஒண்ணும் பேச வேணாம். வண்டிக்கு வலிக்கப் போறதில்ல." மனோன்மணியும் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஆமாங்க. போன உசிரு போயிடுச்சி. நீங்க வேற எதுனா சொல்லி அந்தப் பொண்ணு மனச இன்னும் ஒடைக்காதீங்க." அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வீட்டில் மிச்சம் இருக்கிறதைக் காப்பாற்றப் பார்த்தார்கள்.

ஊர் அதற்கு மேலே போனது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் நைனாரைத்தான் தேற்றினார்கள். ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத மனுஷனுக்கு இப்படி ஒரு சோதனையா என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் வாயைத் திறந்தார், மகன் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். சாப்பாடு இறங்கவில்லை. தூங்கக் கண்ணை மூடினால் கவுதாரிதான் வந்தது. சிட்டிபாபு வரவில்லை, எவ்வளவு நினைத்தாலும் அந்த நொடியில் சிட்டிபாபு வரவே இல்லை. அதுதான் அவரைத் தின்றது.

பால் தெளித்த மறுநாள் காலையில், வீட்டில் யாரிடமும் சொல்லாமல் சிட்டிபாபுவின் வீட்டுக்குப் போனார். இருபது வருஷத்தில் அந்தத் தெருவுக்குள் அவர் கால் வைத்தது சாவுக்குத்தான். அதற்கடுத்து இப்போதுதான். வடிவின் தம்பி லோகேஸ்வரன் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். வடிவு உள்ளேயிருந்து ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"வெள்ளத் துணில வடிகட்டினு வந்த தண்ணிதான், குடிங்க. அது சொல்லும், நைனாரு வடிகட்டாத தண்ணி குடிக்க மாட்டாருன்னு."

அவர் சொம்பைத் தொடவில்லை.

"நீங்க இன்னா பண்ணுவீங்க நைனாரே" என்றாள் வடிவு. "பிரேக்கு புடிக்கலன்னா யாரால இன்னா பண்ண முடியும்? நீங்க சாப்டாம கெடக்கறீங்கன்னு சொன்னாங்க. அப்பிடி இருக்காதீங்க. அதுக்கும் மனசு கேக்காது."

இதற்குமேல் பேசாமல் இருந்தால் அவர் மனுஷனே இல்லை. அது அவருக்கே தெரிந்தது.

"பிரேக் நல்லாதான் இருந்துச்சு வடிவு."

வடிவு நிமிர்ந்து பார்த்தாள்.

"குறுக்கால ஒரு கவுதாரி வந்துச்சு. குஞ்சோட. அதும்மேல ஏத்தக் கூடாதுன்னு நான்தான் ஹேண்டில வெட்டிட்டேன். வெட்டக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்திருந்தாங்க. வண்டி மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான்."

லோகேஸ்வரன் எழுந்துவிட்டான். "இன்னாய்யா சொல்ற நீ?" என்று ஒரு அடி முன்னால் வந்தான். வடிவு அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். தெருவில் யாரோ மாட்டை அதட்டிக்கொண்டு போனார்கள்.

"பொழச்சிதா?" என்றாள்.

"எது?"

"அந்தக் கவுதாரி."

"பொழச்சிடுச்சி" என்றார் நைனார். "குஞ்சும்."

வடிவு மெல்லத் தலையை ஆட்டினாள். அதில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். அடித்திருந்தால் இன்னும் நல்லது. அவள் ஏதோ புரிந்துகொள்ளப் பார்க்கிறவள் போல அவரையே பார்த்தாள்.

"திருப்பறப்போ, பின்னாடி அது குந்தினு இருக்குதுன்னு உங்களுக்கு நெனப்பு இருந்துச்சா?"

இருந்தது என்று சொல்லியிருக்கலாம். அவள் பிழைத்துக்கிடக்க அந்த ஒரு வார்த்தை போதும். அவனையும் நினைத்தேன், கை மீறிவிட்டது என்று சொன்னால் நம்பியிருப்பாள்.

"இல்லம்மா" என்றார். "நெனப்பே வரல. முன்னாடி வந்தத மட்டுந்தான் பாத்தேன்."

"ஆமா" என்றாள் வடிவு. "இருபது வருசம் உங்க பின்னாடியேதான வந்துக்கினு இருந்துச்சி."