தோற்பதற்கென்று எடுத்து வைத்த முட்டை

1

இந்தக் கதை என் தலையில் உதிக்கவில்லை. என் வெங்காயப் பாத்தியில் வந்து விழுந்தது.

போன வருஷம் ஈஸ்டர் ஞாயிறு மதியம் பக்கத்து வீட்டு ராச்சோ வேலிக்கு மேலாக எதையோ வீசினார். போய்ப் பார்த்தால் சிவப்புச் சாயம் பூசிய மர முட்டை. அந்தப் பக்கம் அவர் குரல்: "அஞ்சு வயசுக் குழந்தைக்குத் திருட்டுத்தனம் கத்துக்குடுக்கிறியா நீ?" அதற்கு மேல் அவர் மகள் வியாராவின் குரல்: "நீங்க ஒரு தடவையாவது தோத்துத் தொலைச்சிருந்தா நான் ஏன் மர முட்டையைத் தேடிப் போறேன்?" கதவு டமாரென்று சாத்திக்கொண்டது. (கொஞ்ச நேரம் கழித்துக் குழந்தை தேயா ஒரு தட்டை ஏந்திக்கொண்டு மெல்ல வெளியே வந்தாள். அதில் எனக்கு ஒன்றும் விசேஷமாகத் தெரியவில்லை.)

முட்டையைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. காகிதம் பறக்காமலிருக்க வைத்தேன். அது உருண்டு உருண்டு விழுகிறது, அதற்கும் உதவவில்லை.

இந்த வருஷம் ஈஸ்டர் முடிந்த மறுநாள், தலைநகர் சோஃபியாவிலிருந்து ஒரு குடும்பப் பத்திரிகைக்காக இஸ்க்ரா என்ற பெண் ஃபோன் செய்தாள்.

"பேரப்பிள்ளைங்களோட இனிய நினைவுகளை உருவாக்குவது எப்படின்னு ஒரு சிறப்பிதழ் சார். உங்க கதை ஒண்ணு வேணும். தாத்தா, பாட்டி, சின்னக் குழந்தை, ஈஸ்டர் முட்டை. படிச்சா மனசு நெகிழணும். சண்டை கிண்டை வேண்டாம்."

உருவாக்குவதாம்! நினைவு என்ன, இலையுதிர் காலத்தில் ஜாடியில் அடைத்து நிலவறையில் அடுக்கி வைக்கிற மிளகாயா? எனக்கு வந்த கோபத்தில் சரி என்று சொல்லிவிட்டேன். கோபம் வந்தால் நான் அப்படித்தான், எதற்கும் சரி என்று சொல்லிவிடுவேன்.

2

முதல் தொடக்கம்: "ஆப்பிள் மரங்கள் பூத்துக் குலுங்கிய அந்த இளவேனில் காலையில், மாவு படிந்த கைகளோடு பாட்டி நெதெல்யா அடுப்படியில்—"

வேண்டாம். ராச்சோவின் மனைவி நெதெல்யாவின் கையில் மாவு படிந்து இந்த செவ்லியெவோ ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுத்தே வாழ்க்கையை ஓட்டிய பெண்மணி. ஈஸ்டருக்கான கோஸுனாக் என்கிற இனிப்பு ரொட்டியைக் கடையில் வாங்கி, உறையைக் கிழித்து, தட்டில் வைப்பார். "கடையில வாங்கினதுன்னு வயித்துக்குத் தெரியவா போகுது?" என்பார். இஸ்க்ராவுக்கு மாவு வேண்டுமென்றால் அவளே பூசிக்கொள்ளட்டும்.

இரண்டாவது தொடக்கம்: "எழுபதைத் தாண்டியும் ராச்சோவுக்கு வீம்பு மட்டும்—"

இதுவும் வேண்டாம். இது மகள் சொல்கிற ராச்சோ. எழுதுகிறவன் முதல் வரியிலேயே கட்சி சேரக் கூடாது.

மூன்றாவது: "இந்த வருஷம் தோற்றுப்போவதாக ராச்சோ வாக்குக் கொடுத்திருந்தார்."

இது நிற்கிறது. இதிலிருந்தே போகலாம்.

3

இந்த வருஷம் தோற்றுப்போவதாக ராச்சோ வாக்குக் கொடுத்திருந்தார். நோன்பு தொடங்கிய வாரத்தில், ஸ்டுட்கார்ட்டிலிருந்து மகள் ஃபோனில் வாங்கிய வாக்கு.

"அப்பா, வருஷத்துக்கு ஒரு தடவைதான் வர்றோம். தேயாவுக்கு நல்ல ஞாபகங்கள் வேணும். ரெண்டு வருஷமா என்ன நடக்குது? முட்டை உடையுது, நீங்க கத்தறீங்க, நான் கத்தறேன், நீங்க எழுந்து போயிடறீங்க. இந்தத் தடவை குழந்தை ஜெயிக்கட்டும். சத்தம் போடாம சிரிச்ச முகமா இருங்க. இல்லேன்னா அடுத்த வருஷத்துல இருந்து நாங்க கிரீஸ் கடற்கரைக்குப் போயிடறோம்."

"வேணும்னே தோக்கச் சொல்றியா?"

"ஆமாம்."

"அதுக்குப் பேரு விளையாட்டா?"

"அதுக்குப் பேரு தாத்தா."

ராச்சோ "சரி" என்று ஃபோனை வைத்துவிட்டு, நெதெல்யாவிடம் அரை மணி நேரம் பொருமித் தீர்த்தார். முட்டையோடு முட்டை மோதுவது என்றால் அவருக்கு உயிர். ஒருவர் முட்டையைக் குத்திட்டுப் பிடிக்க வேண்டும், மற்றவர் மேலிருந்து தட்ட வேண்டும், "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்", "உண்மையாகவே உயிர்த்தெழுந்தார்", டக். உடையாத முட்டைக்காரனுக்கு அந்த வருஷம் முழுக்க ஆரோக்கியம். இதில் பொய் புகுந்தால் ஆரோக்கியமும் பொய்தானே என்பது அவர் வாதம். "என் அப்பா எனக்கு ஒருநாளும் விட்டுக்குடுத்ததில்ல. உடைஞ்ச முட்டையை உரிச்சு உப்புத் தொட்டுத் தின்னேன். நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"உங்களைக் கட்டிக்கிட்டு நான்தான் செத்துப்போனேன்" என்றார் நெதெல்யா. "பேசாம தோத்துட்டுப் போங்க. குழந்தை வரணுமா, வேண்டாமா?"

வரணும். அதுதான் விஷயம். இந்தக் கதையில் வேறு விஷயமே கிடையாது. வருஷம் முழுக்க அந்த வீட்டில் இரண்டு பேர் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். குழந்தை வருகிற அந்த ஒரு வாரத்துக்காக மாடிக் கட்டிலுக்கு மார்ச் மாதமே புது விரிப்பு போட்டுவிடுகிறார்கள். அதை வைத்துத்தான் மகள் பேரம் பேசினாள். எனக்கு அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

4

(கொஞ்சம் நிறுத்துகிறேன். எழுதியதைத் திருப்பிப் படித்தேன். வியாராவை வில்லியாக்கிக்கொண்டிருக்கிறேன். கட்சி சேரக் கூடாது என்று நீட்டி முழக்கியவன் நான்தான்.

வியாரா சின்னவளாக இருந்தபோதும் நான் இதே வேலிக்கு இந்தப் பக்கம்தான் இருந்தேன். ஒவ்வொரு ஈஸ்டரும் தோற்பாள். ஒவ்வொரு ஈஸ்டரும் எங்கள் கோழிக் கூண்டுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து அழுவாள். ஒருதடவை என்னிடம், "மாமா, எங்கப்பாவுக்கு என்னைப் பிடிக்காதா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை, அவள் கேட்டது மட்டும் ஞாபகமிருக்கிறது. ஆக, அவளுக்கும் கோபப்பட உரிமை உண்டு. இனிமேல் இருவர்மேலும் சமமாகக் கோபப்படுகிறேன்.)

5

ஈஸ்டர் ஞாயிறு. மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை. வியாராவும் தேயாவும் மட்டும் வந்திருந்தார்கள். அடுப்பில் ஆட்டுக்கறி, மேஜையில் கீரைத் தழையும் முள்ளங்கியும், நடுவில் கடையில் வாங்கிய கோஸுனாக், ஒரு கிண்ணம் நிறையச் சிவப்பு முட்டை.

மற்றவர்கள் மாடியில் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது ராச்சோ முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து முன்பல்லில் தட்டிப் பார்த்தார்.* வாழ்நாளில் முதல்முறையாக நோஞ்சானைத் தேடினார். கிடைத்தது. பல்லில் பட்டதும் ஓட்டைப் பானை மாதிரி மந்தமாக ஒரு சத்தம். அதைத் தன் தட்டின் பக்கத்தில் வைத்தார். 'டிங்' என்று கல்லாய் ஒலித்த ஒன்றைத் தேயாவின் தட்டருகே வைத்தார். அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனால் அந்தக் கல் முட்டையைக் குழந்தையின் தட்டோரம் உருளாமல் நிறுத்தியபோது, முகம் கொஞ்சம் மலரவும் செய்தது. ஒயின் எடுக்க நிலவறைக்குப் போனார்.

* இது பழைய பழக்கம். ஓடு கெட்டியாக இருந்தால் சத்தம் கூராக வரும். இஸ்க்ரா இதை வெட்டச் சொல்வாள், எச்சில் என்பாள். வெட்ட மாட்டேன்.

இப்போது வியாரா கீழே வருகிறாள். முட்டைகள் ஏற்கெனவே தட்டருகே வைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கிறாள். இதை நான் கற்பனை செய்யவில்லை. தக்காளி நாற்றுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்த எனக்கு அவர்கள் ஜன்னல் நேர் எதிரே. அவள் அப்பாவின் முட்டையை முறைத்தாள். அவள் மனதில் ஓடியதை நான் சொல்கிறேன்: பிடித்துப் பிடித்து நல்லதைத் தனக்கு எடுத்து வைத்திருக்கிறார், வாக்காம் வாக்கு! சட்டென்று இரண்டு முட்டைகளையும் இடம் மாற்றி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல உப்புக் கிண்ணத்தை நகர்த்தினாள்.

"ஏ வியாரா, வேண்டாம்" என்று கத்தியிருக்கலாம். ஆனால் நான் எழுதுகிறவன். எழுதுகிறவனுக்குப் பக்கத்து வீடு தீப்பிடித்தால்கூட அடுத்து என்ன நடக்கும் என்றுதான் பார்க்கத் தோன்றும்.

6

"கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்றாள் தேயா, தன் முட்டையைக் குத்திட்டுப் பிடித்தபடி.

"உண்மையாகவே உயிர்த்தெழுந்தார்" என்றார் ராச்சோ. தன்னுடையதுதான் உடையப்போகிறது என்ற நிம்மதியில், தாராளமாகவே ஓங்கித் தட்டினார்.

டக்.

குழந்தையின் கையில் முட்டை நொறுங்கியது.

ராச்சோவுக்கு ஒன்றும் புரியவில்லை. கையிலிருந்த முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெல்ல முன்பல்லில் தட்டினார். டிங்.

ஜெயித்த முட்டையைப் பல்லில் தட்டிப் பார்த்துப் பெருமை அடித்துக்கொள்வது போலத்தான் அது தெரிந்திருக்கும், விஷயம் தெரியாதவர்களுக்கு. வியாராவுக்கு விஷயம் தெரியும். அவள் முகம் முட்டையைவிடச் சிவந்தது. ராச்சோ நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவருக்கும் விளங்கிவிட்டது.

என் வாக்கை நம்பவில்லையா? என் வீட்டில், என் மேஜையில், என் முட்டையை மாற்றி வைப்பாயா? இத்தனை வருஷத்தில் அவருடைய கோபம் இவ்வளவு நியாயமாக இருந்ததே இல்லை. வாயைத் திறந்தார். திறந்த வாயோடு, மாடிக் கட்டிலின் புது விரிப்பு ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார்.

வியாராவும் வாயைத் திறக்கவில்லை. "நான்தான் மாத்தினேன்" என்று ஒரு வரி சொன்னால் போதும். அவளும் ராச்சோவின் மகள்தானே, அந்த ஒரு வரி அவள் தொண்டையைத் தாண்டவில்லை. தட்டில் இருந்த முள்ளங்கியை ரொம்பச் சின்னச் சின்னதாக நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன, எல்லார் வாயிலயும் கொழுக்கட்டையா?" என்றார் நெதெல்யா.

"ஒண்ணுமில்ல" என்றார் ராச்சோ. சிரித்தார். பல்வலிக்காரன் சிரிப்பு.

"கறி நல்லா வெந்திருக்கும்மா" என்றாள் வியாரா.

7

இங்கே ஒரு முடிவு தேவை. என்னிடம் மூன்று இருக்கின்றன.

முதலாவது இஸ்க்ராவுக்கு: இருவரும் ஒரே நேரத்தில் உண்மையைச் சொல்லி, விழுந்து விழுந்து சிரித்து, கட்டிக்கொண்டு— இதை முழுசாக எழுத என் பேனா மறுக்கிறது.

இரண்டாவது: ராச்சோ கத்துகிறார். அன்று மாலையே கார் கிளம்புகிறது. அடுத்த ஈஸ்டருக்கு மாடிக் கட்டில் விரிப்பு மடிப்புக் கலையாமல்— இதை எழுதுவேன். எழுதினால் எனக்குத்தான் தூக்கம் போகும்.

மூன்றாவது: ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. அடுத்த வருஷமும் வருகிறார்கள். அதற்கடுத்த வருஷமும். கறி நன்றாக வெந்திருக்கிறது, முட்டை நன்றாக இருக்கிறது, வானிலை நன்றாக இருக்கிறது. ஃபோட்டோவில் எல்லோரும் சிரிக்கிறார்கள். மூன்றிலும் இதுதான் எனக்கு அதிகப் பயமூட்டுகிறது.

இந்த மூன்றையும் அடுக்கிக்கொண்டிருந்ததில் நான் ஒருத்தியை மறந்தே போனேன். நான் மட்டுமா? குழந்தைக்கு நினைவு வேண்டும், குழந்தைக்கு நினைவு வேண்டும் என்று ஆளாளுக்குக் குதித்தோமே, அவளிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டோமா?

8

தேயா அழவில்லை. உடைந்த முட்டையை உரித்து, உப்புத் தொட்டுத் தின்றாள். வாயைத் துடைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தாள். காத்திருந்தாள். பிறகு எழுந்து, கோஸுனாக்கில் பெரிய துண்டாக ஒன்றைப் பிய்த்துத் தட்டில் வைத்து, வாசல் கதவருகே போய் நின்றுகொண்டாள்.

"தாத்தா, நீங்க இன்னும் வெளிய போகலையா?"

"எங்க போறது?"

"படிக்கட்டுக்கு."

"எதுக்குடா கண்ணு?"

குழந்தைக்குப் பொறுமை போய்விட்டது. "முட்டை உடைஞ்சிடுச்சுல்ல? இப்ப நீங்க கத்தணும். அம்மா கத்தணும். நீங்க கதவை டமார்னு சாத்திட்டுப் படிக்கட்டுல போய் உக்காரணும். அப்புறம் நான் ரொட்டி எடுத்துட்டு வரணும். நாம ரெண்டு பேரும் சேந்து சாப்பிடணும். திராட்சையெல்லாம் பொறுக்கி நீங்க எனக்குக் குடுக்கணும். அதுதானே ஈஸ்டர்! ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்!"

அவள் காலைத் தரையில் ஓங்கி உதைத்தாள்.

"எல்லாரும் தப்புத் தப்பா பண்றீங்க!"

அந்த மேஜையிலும், வேலிக்கு இந்தப் பக்கத்திலும், சோஃபியாவிலும் நியாயமாகக் கோபப்பட்ட ஒரே ஆள் அவள்தான்.

9

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. இஸ்க்ரா, இதை உன் சிறப்பிதழில் போட மாட்டாய் என்று எனக்குத் தெரியும். போடாதே.

படிக்கிற உங்களைத்தான் கேட்கிறேன். ராச்சோ கத்தினால் வாக்குத் தவறியவர் ஆகிறார், அதனால் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். மகள் கத்தினால் குற்றத்தை ஒத்துக்கொண்டவள் ஆகிறாள், அதனால் முள்ளங்கியை நறுக்குகிறாள். நெதெல்யாவுக்கு என்ன நடந்ததென்றே இன்னும் தெரியாது. நானோ வேலிக்கு இந்தப் பக்கம் மண்வெட்டியோடு ஒளிந்து நிற்கிறேன், என்னை நம்பாதீர்கள்.

குழந்தை கதவருகே தட்டோடு நிற்கிறாள். துண்டு பெரியது, கை வலிக்கத் தொடங்கியிருக்கும்.

சீக்கிரம். யாராவது கத்துங்கள்.