முனெட்சி தின்ற முள்ளம்பன்றி

முனெட்சியைப் புதைத்து ஓராண்டு ஆகப் போகிறது. கேழ்வரகு பீர் காய்ச்சி, கல்லறையிலிருந்து அவன் ஆவியை வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அழைக்கக் குலப்பெயர் வேண்டும். அதுதான் அவன் மனைவி மார்வேயிடம் இல்லை.

புகையிலைத் தோட்டத்தில் அநாதையாக வளர்ந்தவன் அவன். வளர்த்த மேஸ்திரி 'இதயம்' என்ற தன் குலப்பெயரை அவனுக்கு இரவல் கொடுத்திருந்தார். அதைச் சொல்லித்தான் மார்வேயைப் பெண் கேட்டான். மீசை அடர்வதற்குள் காய்ச்சலில் போய்விட்டான். இப்போது மேஸ்திரி கையை விரித்தார். இரவல் பெயர் உயிரோடிருப்பவனுக்குப் போதும், செத்தவன் காதில் விழாது, அவன் காட்டில்தான் அலைவான் என்றார். அவன் அப்பன் பெயர் சகனெட்சா, புஹேரா ஊர்ப் பக்கத்து ஆள் என்பது மட்டுமே அவருக்கு நினைவிருந்தது.

மார்வே முனெட்சியின் புகைப்படத்தோடு பேருந்தேறினாள். ஊர் ஊராக விசாரித்து, கடைசியில் கொடோரா என்பவரின் முற்றத்தை அடைந்தாள். அவர் படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

"எங்கண்ணன் காதேதான். காத்தடிச்சா பறந்துடுவேன்னு அவனைக் கேலி பண்ணுவோம்."

மார்வேக்கு அழுகை முட்டியது. அப்போது வேலியோரம் போன ஒருவர் கைதட்டி, "மாயென்சானிசே" என்று கொடோராவை வணங்கினார். அவள் அழுகை நின்றுவிட்டது. அது முள்ளம்பன்றிக் குலத்தாரை வணங்கும் பெயர். அவள் அப்பாவையும் ஊரில் அப்படித்தான் வணங்குவார்கள். ஒரே குலம் என்றால் அண்ணன் தங்கை. அவர்களுக்குள் கல்யாணம் என்றால் ஊர் காறித் துப்பும்.

"மருமகளே, நீ எந்தக் குலம்?" என்று கேட்டார் கொடோரா.

மீன் குலம் என்று சொல்ல நாக்கு எழுந்தது. ஆனால் ஒரு பொய்ப் பெயரால் அவன் அலைந்தது போதாதா?

"முள்ளம்பன்றிதான் மாமா. எங்கப்பாவும் மாயென்சானிசே."

அண்ணன் தங்கை உறவை அறுத்துக் கல்யாணம் பண்ண அவன் ஒரு வெள்ளை மாடு கொடுத்திருக்க வேண்டும், கொடுக்க வேண்டியவன் மண்ணுக்குள் இருக்கிறான் என்று முனகினார் கொடோரா.

வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த அவருடைய அக்கா ருனேசு குறுக்கிட்டாள். "எதுக்குடா அறுக்கணும்? செத்தவனை அத்தையோ தங்கச்சியோ கூப்பிட்டாத்தான் வருவான். எனக்கு முட்டி மடங்காது. இதோ, தங்கச்சியே வந்து நிக்கிறா. கல்யாணத்தைத்தான் சாவு அறுத்துடுச்சே, நீ ரத்தத்தையும் அறுக்கப் போறியா?" பிறகு மார்வேயைப் பார்த்தாள். "ஆனா ஒண்ணுடி. இனிமே உன்னை அவன் பொண்டாட்டின்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. தாங்குவியா?"

மார்வே யோசித்தாள். வீட்டில் அவனுக்குப் பிறந்த குழந்தை இருந்தது. அதற்கும் அதே காதுகள்.

"சொல்ல வேண்டாம் அத்தை. அவரு வீடு வந்து சேர்ந்தா போதும்."

சடங்கன்று அவள் விதவைகளின் இடத்தில் உட்காரவில்லை. சகோதரியின் இடத்தில் மண்டியிட்டு, உள்ளங்கைகளைக் குவித்துத் தட்டி, கல்லறையில் பீரை ஊற்றினாள். "மாயென்சானிசே" என்ற அழைப்பு தடையின்றி வந்தது. அடுத்து வரவேண்டிய 'அண்ணா'வை இன்னொரு முறை பீர் ஊற்றிய பிறகே சொன்னாள்.

கல்யாணமான புதிதில் அவன் கண்ணி வைத்து ஒரு முள்ளம்பன்றியைப் பிடித்துச் சுட்டுத் தின்றான். "உன் சொந்தக்காரன் நல்ல ருசிடி" என்று அவளைச் சீண்டினான். சொந்தக் குலத்தின் விலங்கைத் தின்றால் பல் கொட்டும் என்பார்கள். அடுத்த மாதம் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல்லை இழந்தான்.

அவள் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"பல்லு போனப்பவே நமக்குத் தெரிஞ்சிருக்கணும். எழுந்திரு. வீட்டுக்குப் போகலாம்."