மோப்பத்துக்கு வந்த பதிவுத் தபால்

அந்தத் தபால்காரருக்கு ஊர் வைத்த பெயர் மோப்பம். 'பச்சை கேட்டு வீட்டு டீச்சர்' என்று மட்டும் எழுதிப் போட்டாலும் கடிதம் டீச்சர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கேட்டுக்கு நீலப் பெயின்ட் அடித்து நாலு வருஷம் ஆகியிருந்தாலும் சரி. அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு மூன்று வாரமாக ஓர் இடம் மட்டும் அகப்படவே மாட்டேன் என்றது. நூலகத்தின் மாடி, பின்பக்க அறை, புதன்கிழமை மதியம் ஒரு மணி. குடியை விட்டவர்களும் விடப் பார்க்கிறவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிற கூட்டம்.

நூலகம் என்னவோ அவர் தினம் தபால் கொடுக்கும் தெருவில்தான் இருக்கிறது. கீழ்த்தளத்துக்குப் பதினோரு வருஷமாகப் பத்திரிகைகளைக் கொண்டுபோய்ப் போடுகிறவரும் அவர்தான். ஆனால் முதல் புதன்கிழமை அந்தக் கட்டடத்துக்கு மாடியே இல்லாமல் போய்விட்டது. அடுத்த புதன்கிழமை மாடி முளைத்திருந்தது, படிக்கட்டைக் காணோம். மூன்றாவது வாரம் படிக்கட்டு இருந்தது, கதவு பூட்டியிருந்தது. இதையெல்லாம் கூச்சநாச்சமில்லாமல் மனைவியிடம் சொன்னார். சொல்லும்போது வாயில் ஏலக்காய் மணந்தது. ஏலக்காய் மென்றால் குடித்தது யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர்தான்.

மனைவி சண்டை போடவில்லை.

"வர்ற புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள நீங்க அங்க போகலேன்னா, பொண்ணைக் கூட்டிக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்," என்றாள், துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே. மகளின் பள்ளிப் புத்தகங்களும் பெட்டிக்குள் போயின. சும்மா மிரட்டுகிறவர்கள் பிள்ளையின் புத்தகங்களை எடுத்து வைக்கமாட்டார்கள் என்பது அவருக்கும் உறைத்தது.

புதன்கிழமை காலை, தபால் பிரிக்கும் மேஜையில் அவருடைய கட்டுக்குள் ஒரு பதிவுத் தபால் கிடந்தது. பெறுநர் இடத்தில் அப்பா பெயரோடு சேர்த்து அவருடைய முழுப்பெயர். கீழே, புதன்கிழமைக் கூட்டம், பின்பக்க அறை, நூலக மாடி. எழுதியது மனைவி.

பதிவுத் தபாலைப் பெறுநர் கையில்தான் கொடுக்க வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும். முடியவில்லை என்றால் காரணம் எழுதி, அனுப்பியவருக்கே திருப்ப வேண்டும். வழி நெடுக மோப்பம் காரணம் தேடினார். 'கதவு பூட்டியிருந்தது' என்றால், அதை வீட்டில் சொல்லித் தீர்த்தாகிவிட்டது. 'பெறுநர் வாங்க மறுத்தார்' என்றால் உண்மையாகிவிடும். 'இப்படி ஒருவர் இங்கே இல்லை', இதுதான் கச்சிதம். ஆனால் நேரில் விசாரிக்காமல் அப்படி எழுத முடியாது. வீட்டில் எத்தனை அண்டப்புளுகு புளுகினாலும் வேலையில் ஒரு பொய் எழுதியதில்லை என்று அவருக்கு ஒரு வீறாப்பு. ஆகவே, விசாரிப்பதற்காக மட்டும், ஒரு மணிக்கு அந்தப் படிகளில் ஏறினார்.

அறையில் ஏழெட்டுப் பேர் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் அவர் தினம் தபால் கொடுக்கிற முகங்கள்தான். பல் டாக்டர் இருந்தார். சிடுமூஞ்சித் தையற்காரர் இருந்தார். கூட்டத்தை நடத்துகிறவர் பஸ் ஓட்டுகிற அம்மா.

"வாங்க மோப்பம், யாருக்கு?" என்றார் அந்த அம்மா.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு உறையில் இருந்த பெயரை உரக்கப் படித்தார். ஒருத்தரும் அசையவில்லை. தெருவில் எல்லார் பெயரும் அவருக்கு அத்துப்படி, அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

"புதுப் பேரா இருக்கே," என்றார் தையற்காரர். "முதல் தடவையா வர்றவரோ? பாவம், கீழேயே நிக்கிறாரோ என்னமோ."

"நான் ஒரு மாசம் கீழ உட்கார்ந்து பேப்பர் படிச்சவன்தானே," என்றார் பல் டாக்டர்.

"குடுங்க, நான் கையெழுத்துப் போட்டு வாங்கி வைக்கிறேன். வந்தா குடுத்துடலாம்," என்று டிரைவரம்மா பேனாவை எடுத்தார்.

இதைவிட வசதியாக யாருக்கும் வழி திறக்காது. கொடுத்துவிட்டுக் குடுகுடுவென்று இறங்கிப் போய்விடலாம். ஆனால் கை நீளவில்லை.

"வேற ஆள் கையில குடுக்கக் கூடாதும்மா."

"அப்ப திருப்பி அனுப்பிடுவீங்களா?"

திருப்பினால் அது யார் கைக்குப் போகும் என்று நினைத்ததும் அந்தப் பெட்டி கண்முன் வந்து நின்றது. பேனாவை அவரே வாங்கினார். சீட்டைத் தொடைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"நான்தாங்க அது."

யாரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் பெரிய அவமானமாக இருந்தது.

"பேருதான் தெரியாது," என்றார் தையற்காரர். "மத்ததெல்லாம் தெரியும். எங்க வீட்டுக்குத் தபாலுக்கு முன்னாடி ஏலக்காய் வாசனை வந்துடும்."

டிரைவரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். மோப்பம் உட்கார்ந்து உறையைப் பிரித்தார். உள்ளே இருந்தது மூன்றே வரி.

'படிக்கட்டிலேயே நின்று கையெழுத்துப் போட்டு இதைப் பிரித்திருப்பீர்கள் என்று தெரியும். பரவாயில்லை. இன்னும் கொஞ்சம் படிதான், ஏறிவிடுங்கள்.'

இரண்டு தரம் படித்தார். பதினாறு வருஷத்தில் அவர் விஷயத்தில் மனைவி நினைத்தது ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. மோப்பத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, விசும்பி விசும்பி அழுதார். பல் டாக்டர் தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

"ஏதாவது பேசணும்னா பேசலாம்," என்றார் டிரைவரம்மா.

"பேசறேன். அதுக்கு முன்னாடி வீட்டுக்கு ஒரு போன் பண்ணிக்கட்டுமா?" என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அவ நினைச்சது தப்புன்னு சொல்லணும்."