மஞ்சளாக இருந்ததெல்லாம்

எங்கள் மலையூர் அல்மொலோங்காவில் முட்டைக்கோசு போடுகிறவர்களின் கையைப் பார்த்தாலே தெரியும். விரல் இடுக்கில் தோல் உரிந்திருக்கும். பூச்சிமருந்து அடித்து அடித்து அம்மா தோமாசாவின் கையும் அப்படித்தான் ஆகியிருந்தது. வேளாண் இன்ஜினியர் பட்டம் வாங்கிய கையோடு சண்டைக்கு நின்றேன்.

"இனிமே மருந்து பம்பைத் தூக்குனா நான் இந்த வீட்டுப் படி ஏறமாட்டேன்."

"சரிங்க இன்ஜினியரம்மா. புழு வந்தா ஜெபம் பண்ணவா?"

"இலைக்கு அடியில மஞ்சளா, கூட்டமா முட்டை இருக்கும். பிடுங்கிப் போடு. அவ்வளவுதான்."

தலைநகர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தோட்டத்தில் இறங்கி ஒரு இலையைப் புரட்டிக் காட்டியிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. செய்யவில்லை.

மூன்று வாரம் கழித்து வந்தேன். அம்மா ஒரு பால்பவுடர் டப்பாவை நீட்டினாள். தினமும் விடியற்காலையில் மண்டி போட்டு, பாத்தி பாத்தியாகப் பொறுக்கினாளாம். எதுவும் பிழைக்கக் கூடாதென்று வெந்நீர் வேறு ஊற்றியிருந்தாள்.

"ஒண்ணு விடல. முதுகு போச்சு."

டப்பாவைத் திறந்தேன். வெள்ளைப் பட்டாம்பூச்சியின் முட்டை கொஞ்சம்தான் இருந்தது. மற்றதெல்லாம் பஞ்சுபோல மெத்தென்ற மஞ்சள் கூடுகள். புழுவின் உடம்புக்குள்ளேயே வளர்ந்து அதைக் கொல்கிற குட்டிக் குளவியின் கூடுகள். விட்டிருந்தால் அவையே தோட்டத்தைக் காப்பாற்றியிருக்கும்.

"அம்மா, இது குளவிக் கூடு! புழுவைக் கொல்றது! யாரு இதப் பிடுங்கச் சொன்னா?"

கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"மஞ்சளா, கூட்டமா, இலைக்கு அடியில. வேற என்னடி சொன்ன?"

முட்டைக்கும் கூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வகுப்பில் கதவு அகலத் திரையில் பார்த்துப் படித்தவள் நான். அம்மா பார்த்தது அரிசி அளவில், பனியில், மங்கிய கண்ணால்.

தோட்டத்தில் புழு தின்றது போக இலை நரம்புதான் மிச்சம். நடுக்குருத்துகள் மட்டும் இன்னும் தப்பியிருந்தன. அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். போய்ப் பம்பில் மருந்து கலக்கினாள்.

"குருத்தாவது தேறட்டும். அறுப்புக்கு ரெண்டு வாரம்தான் இருக்கு."

"குடு, நான் அடிக்கிறேன்."

"எழுதுற கைடி அது. தள்ளு." பம்பை முதுகில் மாட்டும்போது முனகினாள். "ஆமா, படி ஏறமாட்டேன்னியே, ராத்திரி எங்க படுப்ப?"

சிரிக்கத்தான் சொன்னாள். என்னால் முடியவில்லை.

மூக்கைச் சுற்றிக் கட்டும் துணியை என்னிடம் நீட்டினாள். "பின்னால முடிச்சுப் போடு. குனிஞ்சு குனிஞ்சு தோள் பிடிச்சிக்கிச்சு, கை எட்டல."

போட்டேன். அவிழ்ந்துவிடக் கூடாதென்று இரண்டு முடிச்சு.