மெஷினுக்குள் ஒட்டிய கண்டங்கள்

ஆய்வுக்கூடத் தலைவருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் கண்டத்தார். பழைய பெருங்கண்டங்களைத் தேடுகிறவர் என்று ஒரு அர்த்தம். அவர் அறைக்குக் கூப்பிட்டால் யாருக்கோ அன்று கண்டம் என்று இன்னொரு அர்த்தம். அங்கே தற்காலிக வேலையில் இருந்த தங்கைக்கு இரண்டும் பொருந்தியது. அவர் அவளுடைய அக்காவின் புருஷன். வேலையில் சேர்த்தவரும் அவர்தான், நிரந்தரமாக்காமல் வருஷக்கணக்கில் இழுத்தடிப்பவரும் அவர்தான்.

வேலை என்னவென்றால், மணற்கல்லை நொறுக்கிச் சலித்து அதிலுள்ள சிர்கான் என்ற கனிமத்தின் மணிகளைப் பொறுக்குவது. கண்ணுக்கு எட்டாத பொடிசு, ஆனால் லேசில் சாகாத பிறவி. பூமிக்குள் பாறைக்குழம்பு இறுகியபோது தான் பிறந்த காலத்தைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். மலை தேய்ந்து, ஆறு அடித்துப் போய், மணல் மறுபடி கல்லான பிறகும் அது அழியாது. லேசரால் சுட்டால் வயதைச் சொல்லிவிடும். இந்தக் கரை மணற்கல்லில் உள்ள மணியின் வயதும் கடலுக்கு அந்தப் பக்கத்துப் பாறையின் வயதும் ஒத்துப்போனால், ஒரு காலத்தில் இரண்டு நிலமும் ஒட்டிக்கொண்டிருந்தன என்று வாதாடலாம்.

ஒத்துப்போயிற்று. அச்சு அசலாக நூற்று அறுபது கோடி வருஷம். கண்டத்தாருக்குத் தலைகால் புரியவில்லை. கட்டுரை எழுதியாயிற்று, கூட்டத்துக்கு வெளியூர் ஆட்களை அழைத்தாயிற்று. "இது மட்டும் வரட்டும், உன்னை நிரந்தரமாக்கிடறேன்" என்று மச்சினிக்கு வாக்கும் கொடுத்தாயிற்று.

தங்கைக்குத்தான் உறுத்தியது. மைக்ராஸ்கோப்பில் மற்ற மணிகளெல்லாம் உருண்டு மழுங்கிக் கிடந்தன. இந்த வயதுக்காரர்கள் மட்டும் முனை கலையாமல், இஸ்திரி போட்ட சட்டைபோல விறைப்பாக இருந்தார்கள். ஒரு கண்டம் முழுக்க ஆற்றில் புரண்டு வந்தவன் இந்த லட்சணத்திலா இருப்பான்?

அப்புறம்தான் பத்திரிகையில் வந்த போட்டோ கண்ணில் பட்டது. அவள் காய்ச்சலில் படுத்திருந்த நாளில் எடுத்தது. கண்டத்தார் வெள்ளைக் கோட்டில் சிரித்தபடி, கல் நொறுக்கும் மெஷினின் வாயில் ஒரு ரோஸ் நிறக் கல்லைக் கொடுத்துக்கொண்டிருந்தார். மறுநாள் வந்து அதே மெஷினில் மணற்கல்லைப் போட்டவள் அவள். கடைசியாகத் தான் கழுவி வைத்தபடியே இருக்கிறது என்று நம்பித் தொலைத்தாள்.

நேராக அவர் அறைக்குப் போனாள்.

"அத்தான், போட்டோவுக்கு எந்தக் கல்லப் போட்டீங்க?"

"இங்க சார்னு சொல்லு."

"சரி, சார். எந்தக் கல்லு?"

"நம்ம கல்லு அழுக்கா இருந்துச்சு, போட்டோல எடுபடாதுன்னாங்க. கடலுக்கு அந்தப் பக்கம் போனப்ப நான் கொண்டுவந்தேனே, அதைப் போட்டேன். ஒரு சுத்து ஓட்டியும் காட்டினேன். அதுக்கென்ன இப்போ?"

"அப்புறம் கழுவினீங்களா?"

"கர்ச்சீப்பால துடைச்சேனே."

கர்ச்சீப்பால் துடைத்தாராம். எத்தனை பட்டம், எத்தனை பொன்னாடை! இரண்டு கண்டங்கள் ஒட்டியது உண்மைதான். ஆனால் கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் இல்லை. போன வருஷம், இவருடைய மெஷினுக்குள்.

அவள் மெஷினைப் பிரித்துக் கழுவி, மிச்சமிருந்த மணற்கல்லை நொறுக்கிப் பார்த்தாள். அந்த வயதில் ஒரு மணிகூட வரவில்லை. அதையும் அவரிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"இதெல்லாம் யாரும் கேக்கமாட்டாங்க," என்றார் நாக்கூசாமல். "கேட்டா, கழுவிட்டுத்தான் போட்டேன்னு சொல்லு. உனக்கு வேலை வேணுமா வேண்டாமா?"

வேலை வேண்டும். அதுதான் வயிற்றெரிச்சல்.

கூட்டத்தன்று முன்வரிசையில் அக்கா பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். கண்டத்தார் திரையில் இரண்டு கண்டங்களை நகர்த்தி ஒட்டவைத்தார். கைதட்டினார்கள். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு அம்மாள், மணிகளின் படத்தையே உற்றுப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"இந்த மணியெல்லாம் ரொம்பப் புதுசா தெரியுதே. நொறுக்கும்போது வேற கல்லு கலந்திருக்குமோ?"

"மெஷின் இவங்க பொறுப்பு," என்று கண்டத்தார் தங்கையைக் கைகாட்டினார். "இவங்களையே கேளுங்க."

வேலை போய்விடும் என்ற பயம் அவளுக்கு இருந்தது. ஆனால் அவர் தன் குப்பையை இத்தனை பேர் முன்னால் அவள் தலையில் கட்டுகிற நேர்த்தியைப் பார்த்ததும் பயத்தை மீறி ஆத்திரம் வந்தது.

"கலந்துதாங்க இருக்கு. நான் போடறதுக்கு முந்தின நாள் சார் அந்தப் பக்கத்துக் கல்லையே மெஷின்ல ஓட்டியிருக்கார், போட்டோவுக்காக. கழுவிட்டு மறுபடி பண்ணேன். அந்த வயசே வரலை."

பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார். அப்புறம் மண்டபமே சிரித்தது. கண்டத்தார் தண்ணீர் குடித்தார், மறுபடியும் குடித்தார்.

வெளியே தாழ்வாரத்தில் அவளைத் தாண்டிப் போகும்போது, "நாளையிலேர்ந்து வராதே" என்று மட்டும் சொன்னார். போய்க் காரில் ஏறிக்கொண்டு ஹார்ன் அடித்தார்.

அக்கா தங்கையின் கையைப் பிடித்தாள். "கோபத்துல சொல்றார். வந்து ஒரு மன்னிப்புக் கேட்டுடு. பேசிச் சரிபண்ணிடலாம்."

"தப்பு அவருது. நான் எதுக்குக் கேக்கணும்?"

"தப்பு யாருதுன்னா கேட்டேன்? கேட்டாத்தான் அவருக்கு ஆறும்."

"மாட்டேன்க்கா. உனக்காகக்கூடக் கேக்கமாட்டேன்."

ஹார்ன் மறுபடி அடித்தது. அக்கா கோபப்படவில்லை. தங்கையின் கன்னத்தைத் தடவிவிட்டாள்.

"கேக்காதடி," என்றாள். "நம்ம குடும்பத்துல அதுக்கு நான் ஒருத்தி போதும்."

சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு காரை நோக்கி வேகமாக நடந்தாள்.