பொன் நாரையும் புளியும்

1
இந்தக் கதை எனக்கு ஒரு ஷேர் ஆட்டோவில் கிடைத்தது. 2007 டிசம்பர், புதுவாயல். எதிரே உட்கார்ந்திருந்தவர் மடியில் லுங்கி சுற்றிய ஒரு ஜாடி. வண்டி பள்ளத்தில் இறங்கியபோது அதைக் காப்பாற்றப் போய் நெற்றியைக் கம்பியில் இடித்துக்கொண்டார். பிறகு தடவிப் பார்த்தது ஜாடியைத்தான். அந்த நிமிடமே ஆளை எனக்குப் பிடித்துப்போயிற்று. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2
முதலில் இப்படி ஆரம்பித்தேன்: சிப்காட் புகைபோக்கிகளுக்கு மேலே விடியல் மெல்ல...

(வேண்டாம். புகைபோக்கி இல்லாமல் கும்மிடிப்பூண்டிக் கதை எழுதக்கூடாது என்று சட்டமா இருக்கிறது?)

அவருக்கு அமீருதீன் என்று பெயர் வைத்தேன். பேரிங் கடைக்காரர். கிரீஸ் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் ஜாடிகளைத் தொடுவார். சத்சுமா என்னும் பழைய ஜப்பான் ஜாடிகள். தந்த நிறம், மெருகுக்குள் முடியிழைபோல் விரிசல், மேலே எனாமல் வண்ணம், அதற்கும் மேலே தங்கம். என்ன அழகு தெரியுமா!

"பேரிங் விற்கிறவருக்கு இது நம்புகிற மாதிரியா இருக்கிறது?" என்றார் எழுதியதைப் படித்த என் நண்பர். அழகைப் பார்க்க லைசென்ஸ் வேண்டுமா என்ன?

அமீருதீனின் மனைவி ஜபீனின் புகார் வேறு. "மனுசங்க குந்த எடமில்ல, ஜாடிங்க குந்திக்கினுகீது." சொல்லிக்கொண்டே தூசி தட்டுவார்.

3
அமீருதீனின் ஜாடியில் நாரை இடப்பக்கம் பார்க்கும். அதன் ஜோடி, வலப்பக்கம் பார்ப்பது, அத்திப்பட்டில் கிரேஸ் வீட்டில் இருந்தது. கிரேஸ் ஓய்வுபெற்ற நர்ஸ், தனியாள். கப்பல் சமையல்காரராக இருந்த அப்பா கொண்டுவந்த ஜாடி. ஜோடி சேர்த்துப் பார்க்கத் தன் ஜாடியோடு போனார் அமீருதீன்.

கிரேஸின் நாரையைக் கையில் எடுத்தவர் தன் ஜாடியைச் சுற்றியிருந்த லுங்கியின் முடிச்சை அவிழ்க்கவே இல்லை. அதன் இறக்கையில் தங்கம் பாதி போயிருந்தது.

"வருசா வருசம் கிறிஸ்மஸுக்கு நானே புளி போட்டுத் தேய்ப்பேன் பாய். வேற யாரையும் தொட வுடமாட்டேன். அப்பா நெனப்பு" என்றார் கிரேஸ். "விக்க மாட்டேன். ஆனா என்ன மாரியே தேச்சி வெச்சிக்குவேன்னு சத்தியம் பண்ணுங்க, சும்மாவே எடுத்துக்கினு போங்க."

கிண்ணத்தில் புளி ஊறிக்கொண்டிருந்தது.

4
இங்கே என் பேனா நின்றுவிட்டது.

முடிவு ஒன்று: தங்கத்தைத் தின்றது புளிதான் என்ற உண்மையை அமீருதீன் சொல்கிறார். கிரேஸ் தன் கைகளைப் பார்த்து...

(முடியவில்லை. அத்தனை வருடப் பாசத்தைக் குற்றமாக்க எனக்கு மனம் வரவில்லை.)

முடிவு இரண்டு: சத்தியம் செய்துவிட்டு ஜாடியோடு வந்துவிடுகிறார். நண்பரின் யோசனை. பொய்ச் சத்தியம் செய்கிறவருக்காக நான் ஏன் கதை எழுத வேண்டும்?

முடிவு மூன்று: "இந்த வாட்டி நான் தொடைக்கிறேன்க்கா, நீங்க குந்துங்க" என்று மெல்லிய துணியை எடுக்கிறார். புளியைத் தொடவில்லை. எழுதி முடித்ததும் அவரை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

5
ஆனால் கிரேஸ் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளா? அமீருதீன் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய ஜாடியைச் சுற்றியிருந்த லுங்கியை அவிழ்த்து, அதையும் மேசைமேல் வைத்துவிட்டார். இரண்டு நாரைகளும் முகத்துக்கு முகம்.

கிரேஸ் வெகுநேரம் பார்த்தார்.

"உங்க நாரை இம்மாம் பளபளன்னுகீதே பாய். நீங்க இன்னா போட்டுத் தேய்க்கிறீங்க?"

அமீருதீன் துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறார். எனக்குத் தெரியவில்லை. நீங்களாவது அவருக்கு ஒரு பதில் சொல்லிக்கொடுங்கள். கிரேஸ் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார்.