அக்கா வண்டியின் ஆயில் ஃபில்டர்

என் அக்கா புருஷன் ஒரு பெரிய கடையின் வாசலில் நின்று பில் சரிபார்க்கிறவர். வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து பார்ப்பார், பில்லைப் பார்ப்பார், கடைசியில் ஆளையும் ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் விடுவார். அந்த வேலையை அங்கேயே விட்டுவிட்டு வந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கும் கொண்டுவருவார். வாங்கி வந்த காயை வீட்டுத் தராசில் மறுபடி நிறுத்துப் பார்ப்பார். மருந்துக்கடைக்காரர் தந்த மாத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஆராய்வார். நேரில் நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். மனசுக்குள் அவர் பெயர் செக்கிங்.

நான் ஸ்கூட்டர் மெக்கானிக். கடை என்றால் ஒரு ஷட்டர் அகலம், அவ்வளவுதான். உள்ளே ஒரு வண்டி, வெளியே நடைபாதையில் இரண்டு வண்டி. அக்கா ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். விடிந்ததும் விடியாததுமாக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வர வேண்டும். சாப்பிடாமல் காத்திருக்கிறவர்களிடம் வண்டி நின்றுவிட்டது என்று சொன்னால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத வயிற்றோடு திட்டுவார்கள். அதனால் வண்டியை நல்லபடியாக வைத்திருப்பது என் பொறுப்பு.

அப்பா அம்மா போன பிறகு எனக்கு அக்கா, அக்காவுக்கு நான். வேறு ஒட்டு உறவு கிடையாது. ஆயில் மாற்ற வேண்டும், பிரேக் இழுக்கவில்லை என்று ஏதாவது ஒரு சாக்கில் கடைக்கு வருவாள். வந்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டு, நான் வேலை செய்யும் இடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசுவாள். செக்கிங்குக்கு அது பிடிக்காது. கொஞ்ச நாளாக, வண்டியைக் கம்பெனி சர்வீஸில் விட வேண்டும் என்று ஆரம்பித்திருந்தார். என் கை சரியில்லையாம், பொருளை மாற்றினேன் என்று சொல்லிவிட்டு மாற்றாமல் அனுப்புகிறேனாம். வண்டி அங்கே போய்விட்டால் அக்கா இங்கே வருவது நின்றுவிடும். எனக்கு அதுதான் பயம். தொழில் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

அன்றைக்கு அக்கா வண்டியை விட்டுவிட்டு, ஸ்டூலில்கூட உட்காராமல், லேபில் வேலை இருக்கிறது என்று நடந்தே போய்விட்டாள். எனக்கு அப்போதே லேசாக உறுத்தியது. அவள் போன கொஞ்ச நேரத்தில் செக்கிங் வந்து நின்றார்.

"என்ன மச்சான், ஃபில்டர் மாத்தப் போறியாமே. எதைப் போடற, காட்டு பாப்போம்."

நான் பெரிய மனசு பண்ணி மூன்று ஃபில்டரை மேஜைமேல் வரிசையாக வைத்தேன். மூன்றும் ஆயிலை வடிகட்டும், உள்ளங்கையில் அடங்கும் டப்பாக்கள். பார்வைக்கு ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

"மூணும் ஒண்ணுதானே?" என்றார்.

"முறுக்கி மாட்டற மரை ஒண்ணுதான் மாமா. மூணுமே இன்ஜின்ல ஏறும். ஆனா இது அக்கா வண்டிக்குன்னே செஞ்சது. வண்டி நிக்கும்போது உள்ள இருக்கற ஆயில் கீழ இறங்காம ஒரு வால்வு பிடிச்சுக்கும். இந்த ரெண்டாவதுல அந்த வால்வு இல்ல. ராத்திரி ஆயில் இறங்கிட்டா, காலையில இன்ஜின் கொஞ்ச நேரம் காய்ஞ்சுபோய் ஓடும்."

"மூணாவது?"

"அது டூப்ளிகேட். தூக்கிப் பாருங்க, கனமே இருக்காது. உள்ள காகிதம் பேருக்குத்தான்."

அவர் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கடை வாசலில் பார்க்கிற அதே பார்வை.

"டூப்ளிகேட்டுக்கு உன் கடையில என்ன வேலை?"

"யாரோ சாம்பிள்னு குடுத்துட்டுப் போனது. இப்படிக் காட்றதுக்குத்தான் வெச்சிருக்கேன்."

"ம்" என்றார்.

அந்த 'ம்' இருக்கிறதே, அதை நாள் முழுக்கக் கழுவினாலும் போகாது. நல்லவன் என்று காட்டப்போய் நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

இன்ஜினைச் சூடாக்கி, பழைய ஆயிலை வடியவிட்டேன். அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குனிந்து நின்றார். பழைய ஃபில்டரைக் கழற்றினேன். மண்ணும் எண்ணெயும் அப்பிக் கருகருவென்று இருந்தது. புதியதை எடுக்கப்போன நேரத்தில் அவருக்கு வேலையிலிருந்து போன் வந்தது. சீக்கிரம் வரச் சொன்னார்கள் போலிருக்கிறது. போக மனசே இல்லாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

அவர் போனபின் புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையாலேயே முறுக்கி உட்கார வைத்தேன். ஃபில்டரை முடுக்க நான் எந்தக் கருவியும் தொடுவதில்லை. கழற்றத்தான் கருவி, அதுவும் தடம் பதியாத பட்டை. மாட்டக் கைதான். இன்னொரு வழக்கமும் எனக்கு உண்டு. கழற்றிய பழைய பொருளை, புதுப் பொருள் வந்த அட்டைப்பெட்டியிலேயே போட்டு வண்டிக்காரரிடம் கொடுத்துவிடுவேன். மாற்றியதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? மதியம் அக்கா வந்தபோது பெட்டியை அவள் கையில் கொடுத்தேன். திறந்துகூடப் பார்க்கவில்லை, பையில் போட்டுக்கொண்டாள். முகம் கொடுத்துப் பேசவும் இல்லை.

அந்த வாரம் போய் அடுத்த வாரம், கடை திறந்ததுமே வந்தாள். வண்டியை ஸ்டாண்ட் போட்ட சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

"குனிஞ்சு பாரு" என்றாள்.

"என்னக்கா?"

"ஃபில்டரப் பாருன்னேன்."

படுத்துப் பார்த்தேன். இன்ஜினில் இருந்தது புது ஃபில்டர் இல்லை. கருகரு என்று அதே பழையது. பின்பக்கம், சக்கரத்தை ஒட்டி, துடைத்துவிட்ட இடத்தில் சிவப்பாக ஒரு புள்ளி.

"நெயில் பாலிஷ்" என்றாள். "உங்கிட்ட விடறதுக்கு முன்னாடி நான்தான் வெச்சேன். அந்த மனுஷன் நித்தம் உன்னைப் பத்திப் பேசறதக் கேக்க முடியல. புள்ளி வெச்சு, ஃபில்டர் மாறிடுச்சு பாருங்கன்னு காட்டி அவர் வாய மூடணும்னு நெனச்சேன். அதுக்கு நேரம் பாத்துக்கிட்டிருந்தேன். இன்னிக்கு டயர்ல காத்து இருக்கான்னு குனிஞ்சேன். புள்ளி அப்படியே இருக்கு."

 அன்றைக்கு அவள் ஏன் உட்காராமல் ஓடினாள் என்று அப்போதுதான் விளங்கியது. கூடவே ஒரு எரிச்சலும் வந்தது. புருஷன் வாயை மூட வைத்த புள்ளியா, இல்லை இவளுக்கே சந்தேகமா?

"அக்கா, நான் மாத்தினேன். பழச அந்தப் பெட்டியில போட்டு உன் கையிலதானே குடுத்தேன்?"

"எவன் வண்டியோட பழசையோ போட்டுக் குடுத்திருப்ப. எனக்கென்ன தெரியும்?"

"பெட்டிய எடுத்துட்டு வா. பாத்துடலாம்."

"வீட்ல தேடினேன், இல்ல. அவர் எங்கயாவது தூக்கிப் போட்டிருப்பார்."

மறுபடி படுத்தேன். ஒரு கணம் என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. கவனமில்லாமல் பழையதையே திருப்பி மாட்டிவிட்டேனா? டார்ச்சை அடித்துப் பார்த்தேன். ஃபில்டரின் விளிம்பில் ஏதோ இடுக்கிப் பல் பதிந்த காயம் சுற்றிலும் இருந்தது. ரப்பர் பக்கம் எண்ணெய் கசிந்து தூசி ஒட்டியிருந்தது.

"இது என் கை இல்லக்கா. யாரோ கழட்டி இருக்காங்க. நான் இப்படி இடுக்கி போட்டு முறுக்கவே மாட்டேன்."

"நல்லா இருக்குடா. ராத்திரி பேய் வந்து மாத்திட்டுப் போச்சா?"

"நான் ஏன் உன்னை ஏமாத்தப்போறேன்?"

"அதான் எனக்கும் தெரியல" என்றாள். கோபம் இறங்கி, குரல் உடைந்துவிட்டது. "பொறந்த வீடுன்னு சொல்லிக்க எனக்கு இருக்கறது இந்தக் கடை ஒண்ணுதான். இங்கயும் நான் ஒரு கஸ்டமர்தானா? ஊர் ஏமாத்தினா தாங்கிக்கலாம். உன் கையால ஏமாந்தா நான் எங்கடா போவேன்?"

எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. "சாவிய எடுத்துட்டுப் போ. கம்பெனியிலயே விட்டுக்கோ" என்று சொல்லிவிட்டேன்.  அவள் சாவியை எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் செக்கிங் வந்தார். வேலைக்குப் போகிற வழி. முகத்தில் இதுவரை நான் பார்த்திராத சிரிப்பு. கையில் என்னுடைய அட்டைப்பெட்டி.

"மச்சான், நீ பாஸ்" என்றார். பெட்டியைத் திறந்து மேஜைமேல் வைத்தார். உள்ளே நான் மாட்டிய புது ஃபில்டர்.

"நீங்க எப்ப..." என்றேன். 

"அன்னிக்கு அந்த டூப்ளிகேட்டப் பாத்ததுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. இவளுக்கு எதையாவது மாட்டிட்டியோன்னு. அதான் ஒரு ராத்திரி நானே கழட்டி எடுத்து, மறுநாள் கம்பெனி ஸ்டோர்ல காட்டினேன். வண்டி ஓடணும் இல்ல, அதுவரைக்கும் பெட்டியில இருந்த பழசையே மாட்டி விட்டேன். ஸ்டோர்க்காரன் அளந்து, எடை போட்டு, அசல் சாமான்தான்னு கைப்பட எழுதியே குடுத்துட்டான். உன் தம்பி சுத்தம்மா. இனிமே நான் ஒரு வார்த்தை பேசினா ஏன்னு கேளு."

கடைசி இரண்டு வாக்கியங்களை அக்காவைப் பார்த்துச் சொன்னார். தன் மச்சானுக்கு இதைவிடப் பெரிய மரியாதை செய்ய முடியாது என்கிற பெருமை அவர் முகத்தில். அக்கா என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த சாவியை மேஜைமேல் ஃபில்டருக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் வைத்தாள்.

நான் அவரைத் திட்டியிருக்கலாம். இடுக்கி போட்டு முறுக்கியதில் ரப்பர் நசுங்கி எண்ணெய் கசிந்ததை, இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் பின்டயரில் எண்ணெய் பட்டு அக்கா நடுரோட்டில் வழுக்கியிருப்பாள் என்பதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவும் சொன்னேன். "அப்படியா?" என்றார், உண்மையிலேயே பதறிப்போய். கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல், நன்றாக ஒரு சண்டை போடக்கூட வழியில்லை. புது ரப்பர் வளையத்தோடு வேறு ஃபில்டர் எடுத்து மாட்டிக் கொடுத்தேன்.

இப்போது செக்கிங் போகிற இடமெல்லாம் என் புகழ் பாடுகிறார். அவர் கடைக்கு வருகிற பாதிப்பேர் வண்டி என்னிடம்தான் வருகிறது. கம்பெனி சர்வீஸ் பேச்சே வீட்டில் இல்லை. அக்காவும் மாசம் தவறாமல் வருகிறாள். அன்றைக்குப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டாள், அழுதும் விட்டாள். நானும் விடுக்கா என்றுவிட்டேன்.

போன தடவை ஃபில்டர் மாற்ற வந்தபோது ஸ்டூலை எடுத்து ஷட்டருக்கு வெளியே போட்டுக்கொண்டாள். வண்டிக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தாள். ஊர்க்கதை எல்லாம் சொன்னாள், சிரித்தாள், தலையை மட்டும் திருப்பவில்லை. வேண்டுமென்றே கூப்பிட்டேன்.

"அக்கா, இந்த டார்ச்ச கொஞ்சம் பிடியேன்."

வந்து பிடித்தாள். வெளிச்சம் சரியாக விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன், கை மட்டும் என் பக்கம் இருந்தது, முகம் ரோட்டுப் பக்கம் இருந்தது.

புது ஃபில்டரைத் தூக்கிக் காட்டினேன். "பாருக்கா, இதத்தான் போடறேன்."

"நீ போடுடா" என்றாள், திரும்பாமலே. "நான் எதுக்குப் பாக்கணும்?"